பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர்கள் திரைக்குப் பின்னால் எப்படி உழைத்தார்கள்?

கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை நாடகக்காரன்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் நாங்கள் சிலர் சேர்ந்து தமிழில் நாடகம் போட்டு வருகிறோம். அலுவலகங்களில் மலையாளம் புழங்கினாலும் வீட்டிலும் சந்தையிலும் தமிழே பேசும் ஊர் இது என்பதால், மாரியம்மன் பொங்கலை ஒட்டி நாங்கள் போடும் நாடகத்துக்கு இன்றும் கூட்டம் வருகிறது. இந்த முறை ஒரு லாட்ஜில் ஒரே இரவில் நடக்கும் குழப்பங்களை வைத்து நகைச்சுவை நாடகம் ஒன்று எழுதியிருக்கிறோம். உட்கார்ந்து வாசிக்கும்போது எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். எழுந்து நடித்துப் பார்த்தால் கதவைத் திறப்பவர் ஒரு நொடி முந்துகிறார், வசனம் சொல்பவர் ஒரு நொடி பிந்துகிறார், சிரிப்பு எங்கோ நழுவிவிடுகிறது.

வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமன்மார் கொண்டுவந்த வீடியோ கேசட்டுகளில்தான் 'ஃபால்ட்டி டவர்ஸ்', 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' போன்ற பிரிட்டிஷ் தொடர்களைச் சிறுவயதில் பார்த்தேன். பாதி வசனம் புரியாத வயதிலும் அவர்களுடைய நடையும் முகமும் நேரம் தவறாத அசைவும் என்னைக் கட்டிப் போட்டன. அந்த நடிகர்கள் திரைக்குப் பின்னால் எப்படிப் பயின்றார்கள், எப்படி எழுதினார்கள், ஒருவரோடு ஒருவர் எப்படிப் பழகினார்கள் என்பதைப் பற்றி அவர்களே நினைவுகூர்ந்தவற்றை அறிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் எங்கள் குழுவுக்குப் பெரிய உதவியாக இருக்கும். யார் யாரை மணந்தார், யார் யாரோடு சண்டை போட்டார் என்ற செய்திகளைவிட வேலை நடந்த விதமே எனக்கு வேண்டும்.

பதில் 1: பாறசாலை கேமராமேன்

அன்பு நண்பருக்கு வணக்கம். தொலைக்காட்சி நிலையம் ஒன்றின் கேமராப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு விடை சொல்ல முயல்கிறேன்.

அந்தக் காலத்துப் பிபிசி நகைச்சுவைத் தொடர்கள் பெரும்பாலும் சினிமாவைப் போலத் துண்டு துண்டாக எடுக்கப்பட்டவை அல்ல. ஏறக்குறைய மேடை நாடகமாகவே நடித்துப் பதிவு செய்யப்பட்டவை. லண்டனில் 1960-இல் திறக்கப்பட்ட டெலிவிஷன் சென்டர் கட்டடத்தின் பெரிய ஸ்டூடியோவில் ஒரு பக்கம் படிப்படியாக இருக்கைகள் போட்டு, முந்நூறு பேர் அளவில் பார்வையாளர்களை உட்கார வைப்பார்கள். எதிரே வரவேற்பறை, சாப்பாட்டுக்கூடம், சமையலறை என்று செட்டுகள் வரிசையாக நிற்கும். இடையில் கேமராக்கள் சக்கரங்களில் நகர்ந்துகொண்டிருக்கும். வெளிப்புறக் காட்சிகளை முன்பே ஃபிலிமில் எடுத்து வைத்திருந்து, அவற்றை அந்தப் பார்வையாளர்களுக்குத் திரையில் போட்டுக்காட்டி, அப்போது எழும் சிரிப்பையும் சேர்த்துப் பதிவு செய்வார்கள்.

உங்களுக்கு உடனே பயன்படக்கூடியது ஒத்திகை நடந்த விதம்தான். 1970 முதல் பிபிசிக்கு மேற்கு லண்டனின் ஆக்டன் பகுதியில் ஒத்திகைக்கென்றே ஒரு பலமாடிக் கட்டடம் இருந்தது. அங்கே செட் எதுவும் கிடையாது. வெறும் தரையில் வண்ண நாடாக்களை ஒட்டி, இது சுவர், இது படிக்கட்டு, இது மேசை என்று உண்மையான அளவிலேயே குறித்திருப்பார்கள். கதவு வரும் இடத்தில் கம்பங்களை நிறுத்தியிருப்பார்கள். நடிகர்கள் வாரம் முழுவதும் அந்தக் கோடுகளுக்குள் நடந்து பழகுவார்கள். செட்டுக்குள் முதன்முதலாகக் கால் வைக்கும் நாளிலேயே, எத்தனையாவது அடியில் கதவு வரும் என்பது அவர்களுடைய கால்களுக்குத் தெரிந்திருக்கும். 'ஃபால்ட்டி டவர்ஸ்' தொடரில் ஹோட்டல் உரிமையாளராக வரும் ஜான் கிளீஸ் அத்தனை வேகத்தில் திரும்பியும் எதிலும் முட்டிக்கொள்ளாமல் போவதற்கு, அல்லது சரியாக முட்டிக்கொள்வதற்கு, இந்தப் பழக்கமே காரணம்.

அந்தத் தொடர் மொத்தமே 12 பகுதிகள்தான்: 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு. கிளீஸும் அவருடைய மனைவியாக இருந்த கானி பூத்தும் சேர்ந்து எழுதினார்கள். ஒவ்வொரு பகுதியையும் எழுத ஆறு வாரங்கள் அளவில் எடுத்துக்கொண்டதாகக் கிளீஸ் சொல்லியிருக்கிறார். வசனத்தில் இறங்குவதற்கு முன், யார் எந்த அறையில் இருக்கிறார், யாருக்கு எந்த உண்மை தெரியும், யாருக்குத் தெரியாது என்ற கதைப்பின்னலை முழுவதுமாகக் கட்டி முடிப்பார்கள். அரைமணி நேரத் தொடருக்கு வழக்கமாக இருக்கும் பக்கங்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பக்கங்கள் அவர்களுடைய பிரதியில் இருந்தன. 1978-இல் இருவரும் மணவிலக்கு பெற்ற பிறகும், இரண்டாவது வரிசையை முதலாவதற்குச் சிறிதும் குறையாத தரத்தில் சேர்ந்தே முடித்துக் கொடுத்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்கள் இருவர்மீதும் மரியாதை கூடுகிறது.

லாட்ஜ் கதை என்று சொன்னதால் இதையும் எழுதுகிறேன். 1970-இல் கிளீஸும் இடம்பெற்ற மான்டி பைத்தான் நகைச்சுவைக் குழுவினர் வெளிப்புறப் படப்பிடிப்புக்காகத் தென்மேற்கு இங்கிலாந்தின் டார்கீ என்னும் கடற்கரை ஊரில் கிளெனீகிள்ஸ் என்ற ஹோட்டலில் தங்கினார்கள். அதன் உரிமையாளர் டோனல்ட் சின்க்ளேர், டெரி கில்லியம் முள்கரண்டியைப் பிடித்த அமெரிக்க முறையைப் பார்த்துக் கண்டித்தார். எரிக் ஐடிலின் பெட்டிக்குள் வெடிகுண்டு இருக்கலாம் என்று சொல்லி அதை வெளியே ஒரு சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். மற்றவர்கள் மனம் வெறுத்து வேறு இடம் தேடிப் போனார்கள். கிளீஸ் மட்டும் அங்கேயே தங்கினார். கானி பூத்தும் வந்து சேர்ந்துகொண்டார். அந்த மனிதரைக் கூர்ந்து பார்த்த நாட்களே அவர் பின்னர் நடித்த பேசில் ஃபால்ட்டி என்ற ஹோட்டல்காரர் பாத்திரத்துக்கு விதையாயின.

மனைவி சிபில் வேடத்துக்குப் புரூனெல்லா ஸ்கேல்ஸை அமர்த்தியபோது, அவர் கிளீஸிடம் முதலில் கேட்டது, இந்த இரண்டு பேரும் எதற்காகத் திருமணம் செய்துகொண்டார்கள் என்பதுதான். எழுதியவர்களிடம் அதற்குத் தயாரான விடை இல்லை. சிபில் ஹோட்டல் தொழில் செய்யும் எளிய குடும்பத்திலிருந்து வந்தவள், கணவனின் மேட்டுக்குடிப் பேச்சில் மயங்கி மணந்தவள் என்று ஸ்கேல்ஸே ஒரு முன்கதையை அமைத்துக்கொண்டார். திரையில் அந்தக் கதை ஒரு வரிகூட வராது. ஆனால் கணவனை அவர் பார்க்கும் ஒவ்வொரு பார்வையிலும் அது இருக்கும். உங்கள் லாட்ஜ் மேலாளருக்கும் அவர் வீட்டாருக்கும் இப்படி ஒரு முன்கதை இருக்கிறதா என்று நடிகர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

பரிமாறுபவர் மானுவேலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் பெர்லினில் 1930-இல் பிறந்தவர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1938-இல் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு வந்தவர். ஸ்பானியப் பேச்சு தனக்கு வருமோ வராதோ என்று தயங்கி, மானுவேலை ஜெர்மானியனாக மாற்றலாமா என்று முதலில் கேட்டிருக்கிறார். திரையில் அவர் வாங்கிய அடிகள் எல்லாமே பொய்யடிகள் அல்ல. ஒரு பகுதியில் கிளீஸ் அவர் தலையில் உண்மையான உலோகப் பாத்திரத்தால் அடித்துவிட, அந்த வலி நெடுநேரம் நீங்கவில்லை. சமையலறையில் தீப்பிடிக்கும் காட்சிக்காக அவருடைய சட்டையில் புகை வருவதற்குப் பூசிய வேதிப்பொருள் துணியைத் தாண்டித் தோலைச் சுட்டுவிட்டது. அதற்குப் பிபிசி 700 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. இதை வீரக்கதையாக யாரும் சொல்லக்கூடாது என்பது என் கருத்து. சிரிப்புக்காக ஒருவர் தோலைச் சுட்டுக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் நாடகத்தில் அடியும் விழுதலும் இருக்குமானால், அவற்றைத் தனியாக, மெதுவாக, எண்ணிக்கை சொல்லிப் பயிலுங்கள். மேடையில் எந்தச் சட்டியை, எந்தத் தட்டைப் பயன்படுத்துவது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்.

பதில் 2: ஆரியங்காவு வாசகர்

கேமராமேன் ஐயா விரிவாக எழுதிவிட்டார். நான் செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் இடையில் அன்றாடம் போய்வந்த ஆங்கில ஆசிரியை. எனக்கு மிகவும் பிடித்தது 'டாட்ஸ் ஆர்மி'. அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பாத்திரத்துக்கு ஆள் தேர்ந்தெடுப்பதில் அதற்கு இணையான ஒன்றை நான் பார்த்ததில்லை.

1968 முதல் 1977 வரை 80 பகுதிகள் வந்த அந்தத் தொடர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வயதானவர்களையும் இளைஞர்களையும் வைத்து ஊர்க்காவலுக்காக அமைக்கப்பட்ட படையைப் பற்றியது. எழுதிய இருவரில் ஜிம்மி பெர்ரி சிறுவயதில் அந்தப் படையிலேயே இருந்தவர். படையில் சேர்ந்த தன் பையனுக்குச் சளி பிடித்துவிடுமோ என்று அஞ்சும் தாயையும் அவர் தன் வீட்டிலிருந்தே எடுத்தார். இன்னொருவர் டேவிட் கிராஃப்ட். பெர்ரி தமக்கென்று ஒரு வேடத்தை ஆசையோடு எழுதி வைத்திருந்தார். எழுதுபவர் எழுதும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்று கிராஃப்ட் மறுத்துவிட்டார். அந்த வேடம் ஜேம்ஸ் பெக்குக்குப் போயிற்று.

படைத்தலைவர் உயர்குடியினராகவும் அவருக்குக் கீழே இருப்பவர் சாதாரணக் குடும்பத்தினராகவும் இருப்பார்கள் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். இங்கே அது தலைகீழ். குட்டையான, விறைப்பான ஆர்தர் லோ தலைவர். உயரமான, மென்மையாகப் பேசும் ஜான் லெ மெஷூரர் அவருக்குக் கீழ். வங்கி மேலாளரான தலைவருக்குத் தம் உதவியாளரின் பிறப்பின்மீதும் பேச்சின்மீதும் இருக்கும் பொறாமையே ஒன்பது ஆண்டுகள் அந்தத் தொடரைத் தாங்கியது. உண்மை வாழ்க்கையிலும் லோ தம் கௌரவத்தில் மிகவும் கண்டிப்பானவர். கால்சட்டையைக் கழற்றும் காட்சியில் நடிக்க மாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியவர். பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் அவர் ஒத்திகைக்கு வந்தே வசனம் படிப்பார் என்று உடன் நடித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வசனத்தைத் தேடி அவர் தடுமாறும் நொடிகளைக்கூட அந்தப் பாத்திரத்தின் தடுமாற்றமாகவே நாம் பார்க்கிறோம். ஆனாலும் அந்தப் பழக்கத்தைப் பின்பற்ற வேண்டாம் என்று உங்கள் குழுவுக்குச் சொல்லுவேன். லோவின் முகம் வேறு எவருக்கும் இல்லை.

அந்த வரிசையில் நின்றவர்களின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் தொடரே வேறாகத் தெரியும். அடிக்கடி கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும் சாதுவான கிழவர் காட்ஃபிரியாக வந்த ஆர்னல்ட் ரிட்லி, முதல் உலகப்போரில் 1916-இல் சோம் போர்க்களத்தில் படுகாயம் அடைந்தவர். 'தி கோஸ்ட் டிரெய்ன்' என்ற புகழ்பெற்ற மேடை நாடகத்தை எழுதியவரும் அவரே. ஸ்காட்லாந்துக்காரராக வந்த ஜான் லாரியும் அந்தப் போரில் இருந்தவர். கிழட்டுக் கார்ப்பரலாகக் குரல் நடுங்க ஓடித் திரிந்த கிளைவ் டன்னுக்குத் தொடங்கும்போது 48 வயதுதான்; அவர் இரண்டாம் உலகப்போரில் கிரேக்க நாட்டில் பிடிபட்டுப் போர்க்கைதியாக இருந்தவர். லெ மெஷூரர் அதே போரில் நம் நாட்டுக்கு அனுப்பப்பட்டு இங்கே பணியாற்றியவர். வயதானவர்களைக் கேலி செய்கிற தொடர் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தங்கள் துணிச்சலை ஏற்கெனவே காட்டி முடித்தவர்கள், துணிச்சலைக் காட்டத் துடிக்கும் மனிதர்களாக நடித்தார்கள்.

ஆண்டுதோறும் வெளிப்புறக் காட்சிகளுக்காக நார்ஃபோக் மாவட்டத்துத் தெட்ஃபோர்டு ஊருக்குப் போய் ஒன்றாகத் தங்குவார்கள். 1973 ஆகஸ்டில் ஜேம்ஸ் பெக் 44 வயதில் திடீரென இறந்தார். ஆறாவது வரிசை பாதி முடிந்திருந்த நேரம் அது. அவர் இல்லாமல் எடுத்த பகுதியில் வரிசையாக ஆட்கள் நிற்பார்கள். அவர் நிற்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். அங்கே ஒரு சீட்டு கிடைக்கும், வெளியூர் போயிருப்பதாக அதில் எழுதியிருக்கும். அதற்குப் பிறகு தொலைக்காட்சித் தொடரில் அந்த வேடத்துக்கு வேறு ஆளைப் போடவில்லை.

கேட்டவர்: கொழிஞ்சாம்பாறை நாடகக்காரன்

ஐயாவுக்கும் டீச்சர் அவர்களுக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை சமுதாயக் கூடத்துத் தரையில் சாக்பீஸால் லாட்ஜின் அறைகளை வரைந்தோம். மாடிப்படிக்கு நாங்கள் விட்ட இடம் போதாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இன்னொன்று கேட்க வேண்டும். எங்கள் நாடகத்தில் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் ஒரு பாத்திரமும், வடநாட்டிலிருந்து செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த ஒரு பாத்திரமும் உண்டு. அவர்களுடைய பேச்சை வைத்துச் சிரிக்க வைப்பது தவறு என்று குழுவிலுள்ள இளையவர்கள் வாதிடுகிறார்கள். 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' போன்ற தொடர்களில் நம்மவர்கள் நடித்தார்களே, அங்கே இது எப்படி இருந்தது?

பதில் 3: ஆரியங்காவு வாசகர்

தம்பி, இளையவர்கள் சொல்வதை நன்றாகக் கேளுங்கள்.

வெளிநாட்டினர் ஆங்கிலம் கற்கும் வகுப்பைப் பற்றிய 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' 1977 இறுதியில் தொடங்கியது. அதில் சீக்கியர் ரஞ்சித் சிங்காக வந்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையில் பிறந்தவர். பாகிஸ்தானியர் அலி நதீமாக வந்த டினோ ஷஃபீக் டாக்காவில் பிறந்தவர். ஜமீலாவாக வந்த ஜமீலா மாசி சிம்லாவில் பிறந்தவர். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் தெற்காசிய நடிகர்களுக்குக் கிடைத்த வேடங்கள் மிகவும் குறைவு. கிடைத்ததைத் திறம்படச் செய்து, வாரந்தோறும் மக்கள் மனதில் நின்ற அவர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆயினும் ஒவ்வொரு நாட்டினருக்கும் ஒரே ஒரு குணம், ஒரே ஒரு தவறு என்று எழுதி வைத்ததால் அந்தப் பாத்திரங்கள் வளரவே இல்லை. அத்தனை பேர் விரும்பிப் பார்த்த தொடரை, இனத்தைக் கேலி செய்கிறது என்று கருதி, தொலைக்காட்சி நிறுவனத்தில் நிகழ்ச்சிப் பொறுப்பில் இருந்த மைக்கேல் கிரேட் நிறுத்தினார்.

பெர்ரியும் கிராஃப்டும் எழுதிய இன்னொரு தொடரான 'இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்', பெர்ரி மகாராஷ்டிரத்தின் தேவ்லாலி முகாமில் ராணுவக் கலைக்குழுவில் இருந்த நினைவுகளிலிருந்து பிறந்தது. அதில் இந்தியப் பணியாளர் ரங்கி ராமாக நடித்த மைக்கேல் பேட்ஸ் வெள்ளையர். முகத்தில் பழுப்புநிற ஒப்பனை பூசி நடித்தார். அவர் ஜான்சியில் பிறந்தவர், நம் நாட்டு மொழி தெரிந்தவர், பர்மாப் போரில் கூர்க்காப் படையோடு இருந்தவர். நோயோடு போராடிக்கொண்டே நடித்து 1978-இல் இறந்தார். அந்த வேடத்தையும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அவருடைய உழைப்பையும் பாசத்தையும் நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பக்கத்திலேயே டினோ ஷஃபீக் தேநீர் விற்பவராக நின்றுகொண்டிருக்க, பெரிய இந்திய வேடம் ஒப்பனை பூசியவருக்குப் போனது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

உங்கள் சூளைத் தொழிலாளிக்குப் பேச்சுப் பிழையைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். அந்த இரவில் லாட்ஜில் நடப்பது முழுவதும் புரிந்த ஒரே ஆள் அவராக இருக்கட்டுமே.

பதில் 4: நகரிக்காரர்

சித்தூர் மாவட்டத்து நகரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் பாரதக் கூத்து இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. சிறுவயது முதல் கட்டியங்காரன் வேடம் கட்டுபவர்களோடு பழகி வருகிறேன். கூட்டத்தின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேச்சை நீட்டவும் குறுக்கவும் தெரிந்த அவர்களைப் போலத்தான் எனக்குப் பிரிட்டிஷ் நகைச்சுவை இரட்டையர் எரிக் மோர்கமும் எர்னி வைஸும் தெரிகிறார்கள். நொடி முந்துகிறது, பிந்துகிறது என்ற உங்கள் முதல் கேள்விக்கு அவர்களிடமே விடை இருக்கிறது.

1971-ஆம் ஆண்டு அவர்களுடைய கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில், லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் தலைமை நடத்துநர் ஆந்த்ரே பிரெவின், எரிக் பியானோ வாசிக்க, கிரீக் என்ற இசையமைப்பாளரின் படைப்பை நடத்துவதாக ஒரு காட்சி. ஒத்திகையில் மிகவும் கண்டிப்பான அந்த இரட்டையர் பிரெவினிடம் ஒத்திகைக்காகப் பல நாட்களை ஒதுக்கித் தரும்படி கேட்டிருந்தார்கள். அவருடைய தாயாருக்கு உடல்நலம் குன்றியதால் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது, விமான நிலையத்திலிருந்து வரும் டாக்சியில்தான் வசனத்தைப் படித்தார். எரிக்குக்கு உள்ளூரப் பெரும் கவலை.

பதிவைப் பார்த்தால் அந்தக் கவலை தீரும் நொடி தெரியும். தம் இசைக்கோலை எடுத்து வருவதாகப் பிரெவின் சொல்கிறார். ஒரு சிறிய இடைவெளி விட்டு, அது சிகாகோவில் இருக்கிறது என்கிறார். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. அரங்கம் அதிர்கிறது. எரிக் கையை ஓங்கிக் காற்றில் ஒரு குத்து விட்டு, இவரை எனக்குப் பிடித்துவிட்டது என்கிறார். பிறகு எரிக் தாறுமாறாக வாசித்துவிட்டு எழுந்து பிரெவினின் கோட்டைப் பிடித்துக்கொண்டு, சரியான சுரங்களைத்தான் வாசிக்கிறேன், வரிசைதான் வேறாக இருக்கலாம் என்று விளக்குவார். காட்சி முழுவதும் பிரெவின் சிரிக்க வைக்க முயலவே இல்லை. உண்மையான இசைக்கலைஞர் உண்மையான எரிச்சலோடு நிற்கிறார். பல ஆண்டுகளுக்குப் பிறகும் லண்டன் டாக்சி ஓட்டுநர்கள், அந்தக் காட்சியில் எரிக் தப்பாகச் சொன்ன பெயரைச் சொல்லியே தம்மை அழைத்ததாகப் பிரெவின் மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

இதை எழுதிய எடி பிரேபன் அந்தக் காட்சியைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1960-களில் வேறொரு நிறுவனத்துக்கு அதே இரட்டையர் செய்த பழைய காட்சி அது. எடுத்துச் செதுக்கி, நடுவில் உண்மையான நடத்துநர் ஒருவரை நிறுத்தியதால் உயர்ந்தது. ஆகவே உங்கள் பிரதியில் சிரிப்பு வராத இடத்தை உடனே வெட்டிவிடாதீர்கள். அங்கே யார் நிற்கிறார், அவர் எதைத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறார் என்பதை மாற்றிப் பாருங்கள். பொங்கலுக்கு முன் ஒருமுறையாவது கதை தெரியாத இருபது பேரைக் கூடத்தில் உட்கார வைத்து முழுவதும் நடித்துக் காட்டுங்கள். அவர்கள் சிரிக்கும் இடங்களைப் பிரதியின் ஓரத்தில் ஒருவர் குறித்துக்கொள்ளட்டும், அந்த இடங்களில் அடுத்த வசனம் பேசுபவர் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை மறுநாள் ஒத்திகையில் முடிவு செய்யுங்கள்.